கம்பிக்குருவிகள் மேல் விழுந்த சந்தேகம்

புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் பாதையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முன்னால் ஓடும் மின்கம்பியில், மழைக்காலம் முடியும்போது தகைவிலான்கள் வந்து உட்காரும். தோட்டத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, கம்பிக்குருவி என்போம். வடக்கே பனி விழும் நாடுகளிலிருந்து வருகிறவை. நான் வேலை செய்யும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவற்றின் எச்சத்தைச் சேகரித்து, அதிலுள்ள கிருமிகள் எந்தெந்த மருந்துக்குச் சாகின்றன என்று பார்க்கும் வேலை தொடங்கியது. "எங்க லயத்துக்கு முன்னால நிறைய உட்காரும்" என்று இடம் காட்டியது நான்தான்.

விடியும் வேளையில் கம்பிக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் குந்தியிருந்தேன். ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகும் பெண்கள் வாளியோடு கடந்து போனார்கள். அவர்களில் அம்மாவும் இருந்தாள்.

"படிச்சு படிச்சு கடைசியில குருவிப் பீ பொறுக்க வந்துட்டா பாருங்க எம் மக" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. சிரித்துக்கொண்டே போனார்கள். நானும் சிரித்தேன்.

ஆய்வுகூடத்தில் கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டங்களை அதன்மேல் வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் தெரியும். எங்கள் கம்பிக்குக் கீழே எடுத்த மாதிரிகள் சிலவற்றில், மூன்று மருந்துகளைச் சுற்றி வளையமே இல்லை. கிருமி வட்டத்தின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது.

அதே வாரம் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல், முதுகுவலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். நகரத்து ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்த்தோம். இரண்டு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். இரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவையில்லை. சிறுநீர்ச் சோதனையின் முடிவு வர இன்னும் இரண்டு நாள் ஆகும். அதுவரை எந்த மருந்து என்பது ஊகம்தான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டில் சந்தேகப்பட வேண்டியவற்றை எழுதினேன். முதலில் குருவி. அடுத்து, கம்பிக்கு நேர் கீழே மூடி உடைந்து கிடக்கும் லயத்துத் தண்ணீர்த்தொட்டி. மூன்றாவதாக என் கைகள். விரிப்பைச் சுருட்டிய கையோடு வீட்டுக்குள் போயிருக்கிறேன். அம்மாவை அந்தப் பட்டியலில் எழுதவில்லை.

டாக்டரிடம் குருவிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இருக்கலாம்" என்றார் சிங்களத்தில். "அது பிறகு. இதுக்கு முன்னால வீட்டில என்ன மருந்து எடுத்தாங்க?"

நான் அம்மாவிடம் திரும்புமுன்னே அவளே சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

"பெனடோல் விதரய், சேர்."

காய்ச்சலுக்குப் போடும் பெனடோல் மட்டும்தானாம். கேள்வி முடியுமுன் வந்த பதில். காய்ச்சலில் பெயரைக் கூப்பிட்டாலும் மெதுவாகத் திரும்புகிறவள், இதற்கு மட்டும் எப்படி இத்தனை வேகம்? டாக்டர் போனதும் கேட்டேன்.

"நெசமாவே வேற ஒண்ணும் குடிக்கலயா?"

"எம்மேல சந்தேகமா? போயி கோழிக்குத் தீனி வை. ரெண்டு நாளா பட்டினி கெடக்கும்."

தொட்டித் தண்ணீரில் மாதிரி எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோழிக்கூட்டுப் பக்கம் லயத்தில் அடுத்த காம்பிராவில் குடியிருக்கும் பெரியம்மா நின்றிருந்தார். இரண்டு கோழிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பெரியம்மா ஒரு கேப்சூல் மாத்திரையைத் திருகித் திறந்து, தூளைக் குருணையில் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தார். மாத்திரையின் ஓடு பாதி சிவப்பு, பாதி மஞ்சள். அதே நிறத்தில் பழைய ஓடுகள் மண்ணில் மிதிபட்டுக் கிடந்தன.

"பெரியம்மா, இது எங்கருந்துங்க?"

"ஒங்கம்மா டப்பாவுலருந்துதான் புள்ள. கோழி சொணங்கினா இதுதானே அவ குடுக்குறது."

டப்பா அடுப்புக்கு மேலே பலகையில் இருந்தது. பால்மா டப்பா. உள்ளே பாதி தீர்ந்த மருந்து அட்டைகள், டிஸ்பென்சரி காகித உறைகள், உறைகளில் வேறு வேறு பேர்கள். பெரியம்மா எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை வீணாக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்களாம். அடுத்து யாருக்கு வருகிறதோ அவருக்கு அதிலிருந்து இரண்டு, மூன்று.

"ஏன் எங்க வீட்டுல?"

"நீதானே மருந்து படிச்ச புள்ள. ஒங்கம்மா கையால குடுத்தா தப்பா இருக்காதுன்னுதான்."

"அம்மாவும் குடிச்சாங்களா?"

"இந்த எரிச்சலுக்கா? இது மூணாந் தடவயாச்சே! ஒவ்வொரு தடவயும் ரெண்டு நாள் குடிப்பா, சொகமாயிரும்."

கம்பியைப் பார்த்தேன். கோழிக்கூட்டைச் சுற்றி எழும் ஈக்களைக் குருவிகள் தாழப் பறந்து கவ்விக்கொண்டிருந்தன. வளையம் விழாத அந்தக் கிருமி வடக்கிலிருந்து வந்ததா, இங்கே எங்கள் கோழிக் குப்பையில் பிறந்து ஈ வழியாக மேலே போனதா? தட்டு அதைச் சொல்லாது. குருவியின் கிருமியும் அம்மாவின் கிருமியும் ஒன்றுதானா என்பதையே மரபணுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தொட்டியை மறந்துவிட்டு டப்பாவோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

டாக்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அம்மாவுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசியின் அதே குடும்பத்து மருந்துகள் இரண்டு அவற்றில் இருந்தன. பாதியில் நிறுத்தி நிறுத்தி அவற்றுக்குப் பழகிவிட்ட கிருமி இந்த ஊசிக்கும் சாகாமல் இருக்கலாம் என்றார். அன்றே ஊசியை மாற்றினார். இரண்டு நாள் கழித்து வந்த முடிவு, மாற்றியது சரி என்றது. அதற்குள் அம்மாவின் காய்ச்சல் இறங்கியிருந்தது.

ஆனால் என்னோடு பேச்சு இல்லை. பார்க்க வந்த பெரியம்மாவிடம்தான் பேசினாள்.

"டாக்டர் முன்னால எம் மானத்த வாங்கிட்டா. பெத்த தாயக் களவாணி மாதிரி டப்பாவோட புடிச்சுக் குடுத்துட்டா."

"உசுரோட இருக்கியே, அதப் பாரு" என்றார் பெரியம்மா.

என் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் தேர்ந்தெடுத்த இடத்தில் கோழிகளுக்கு மனிதர் மருந்து கொடுக்கப்படுகிறது. அங்கே எடுத்த மாதிரிகளை வைத்துக் குருவிகளைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது. எழுதியபோது எனக்கும் மானம் போனதுபோல்தான் இருந்தது. முதல் நாளே கோழிக்கூட்டைப் பார்த்திருக்கிறேன். கோழிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவளுடைய கிருமிக்கு வாயால் கொடுக்க மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். லீவு போட்டுவிட்டு லயத்திலேயே தங்கினேன். மூன்றாம் நாள் அவள் எழுந்து கூட்டிப் பெருக்க ஆரம்பித்தாள். நான்காம் நாள் காலை மாத்திரையை நீட்டினேன்.

"சொகமாயிருச்சே. இன்னமும் எதுக்கு?"

"இன்னும் நாலு நாளைக்குக் குடிக்கணும்மா."

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தொண்டை அசைந்தது. பிறகு முகத்தை என் பக்கம் கொண்டுவந்து வாயை அகலத் திறந்தாள்.

"ஆ... பாத்துக்கங்க இன்ஸ்பெக்டர் மிஸ்."

"நாக்கத் தூக்குங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் நாக்கைத் தூக்கும் வரை காத்திருந்து, குனிந்து அடியில் பார்த்தேன்.