பூர்ணிமா துடைத்த விமானக் கண்ணாடி

பூர்ணிமாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வரும் பொம்மைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்குவாள். வீட்டில் இருக்கும்போது பிளாஸ்டிக் விமான மாடல்கள் ஒட்டுவாள். ஒன்பது வருஷப் பழக்கம்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் சேத்தியாத்தோப்பிலிருந்து ராஜ்மோகன் வந்தார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். தான் பழுது பார்த்த பயிற்சி விமானத்தின் மாடலை இருபத்தாறு வருஷமாக ஒட்டாமலே பெட்டியோடு வைத்திருந்தார். இப்போது கை நடுங்குகிறது.

"நீயே ஒட்டிக் குடும்மா. இது இப்ப எங்கயும் கெடைக்காது."

ஐந்து மாதம் ஒட்டினாள். வெள்ளிக்கிழமை பெயின்ட் காய்ந்ததும், விமானிகள் இருக்கைக்கு மேலே மூடும் கண்ணாடியில் பெயின்ட் படாமல் ஒட்டியிருந்த டேப்பை உரித்தாள். கட்டைவிரல் அளவுதான் அந்தத் தெளிந்த பிளாஸ்டிக். ஓரத்தில் பசை ஒட்டியிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிறன்று அவர் வருகிறாரே என்ற அவசரத்தில் பெயின்ட் கரைக்கும் தின்னரில் பஞ்சைத் தொட்டுத் துடைத்துவிட்டாள். துடைத்த இடம் பாலாடை போல வெளுத்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கை துர்காவுக்குப் போன் போட்டாள்.

"மேலாக்க மங்கியிருந்தா தேய்ச்சு எடுத்துடலாங்க்கா. உள்ள வெடிச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். அழுத்தினால் உடைந்துவிடும். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை கழுவி ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் ராஜ்மோகனே கூப்பிட்டார்.

"ரெடியா இருக்குதாம்மா?"

"வாங்க சார்," என்றாள். நடந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

சனிக்கிழமை டூத்பேஸ்டைப் பனியன் துணியில் தொட்டு மெருகேற்றினாள். கண்ணாடியைப் பளபளப்புக்கான தெளிந்த பூச்சுத் திரவத்தில் முக்கி, வழிந்ததைத் தாளில் ஒற்றி, தூசி விழாமல் எவர்சில்வர் கிண்ணத்தால் மூடினாள். காய்ந்ததும் திறந்தாள். வெளுப்பு போயிருந்தது. இடது மூலையில் மயிரிழை மாதிரி இரண்டு வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கம்பெனியாக இருந்தால் ஒதுக்கியிருப்பாள்.

ஞாயிறு காலை அவர் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க."

அவர் கண்ணாடியைக் கையில் வாங்கவில்லை. அவளையே பிடிக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

"கோவம் வருதும்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

பிறகு விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார். "சீட்டு பெல்ட்டெல்லாம் நீ பண்ணதா?"

"ஆமாங்க. டேப்பை வெட்டி ஒட்டுனேன்."

"மூடிட்டா இதெல்லாம் தெரியாதே. தெறந்தாப்புல ஒட்டு. நாங்க வேலை பாக்கறப்போ அப்படித்தான் நிக்கும்."

"அந்த வெடிப்பு நல்லா தெரியுங்களே சார்."

"தெரியட்டும்."

சட்டென்று ஒட்டும் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி மறுபடி மங்கும். அதனால் ஊசி முனையில் ஃபெவிகால் தொட்டு வைத்தாள். அது காயும்வரை அவரை எழ விடவில்லை. பதினோரு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது.

"வூடு வந்து சேந்துட்டம்மா. ஒட்டுனது ஆடல."

அதன் பிறகுதான் பூர்ணிமா சோற்றில் கை வைத்தாள்.