டேங்க்குக்குக் காது தேடி: இர்விங்கிலிருந்து கேட்டி வரை

2007 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, டாலஸ் பக்கத்து இர்விங்கிலிருந்து ஹூஸ்டன் பக்கத்து கேட்டிக்குப் போய் அன்றே திரும்பி வந்தேன். ஒரு பக்கத்துக்கு 260 மைல். போனது உள்ளங்கையளவு இரும்புத் துண்டு ஒன்றுக்காக. டெக்சாஸில் பழைய பைக் வைத்துக்கொண்டு பாகம் தேடி அலைகிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். உதவாவிட்டால் திட்டாதீர்கள். எனக்கே பாதி புரியவில்லை.

முதலில் பைக்கைப் பற்றி. டாலஸுக்குத் தெற்கே ஒரு பண்ணையில் கொட்டகையைக் காலி செய்தபோது வாங்கினேன். அறுபதுகளில் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. எந்த கம்பெனி என்று தெரியாது, பெயர் எழுதிய இடமெல்லாம் துரு. நம் ஊர் புல்லட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டு, ட்யூப் சொருகி உதைத்தால் எஞ்சின் ஓடும். பிரச்சினை டேங்க்கில். முன்னால் இரண்டு ரப்பர் மேல் உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் பிடிக்க ஃப்ரேமில் ஒரு காது வேண்டும், அதாவது ஓட்டை போட்ட சின்னத் தகடு. அதோடு சேர்த்து டேங்க்கின் வாலை போல்ட் போட்டு இறுக்குவார்கள். என் ஃப்ரேமில் அந்தக் காது இல்லை. கிளட்ச்சை விட்டால் டேங்க் மடிக்கு வந்துவிடும்.

காது இல்லை, சரி. ஆனால் வெட்டின தடமும் இல்லை, வெல்டிங் தடமும் இல்லை. துருவைச் சுரண்டிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இதுதான் என்னை ஒரு மாதம் படுத்தியது.

கேட்டிக்குப் போன அதே வாரம் அபார்ட்மென்ட்காரர்கள் வண்டியில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஓடாத வண்டிகளுக்குப் பார்க்கிங்கில் இடமில்லை, திங்கள் காலை பத்து மணிக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் டோ பண்ணிவிடுவார்கள், அதாவது டிரக்கில் கட்டி இழுத்துப் போய்விடுவார்கள். டோ பண்ணிக் கொண்டுபோன வண்டியை மீட்க, அதை வாங்கின காசைவிட அதிகம் ஆகும். போனால் போனதுதான். காலேஜைப் பாதியில் விட்டு அப்போது நாலு மாதம். காலையில் எழுந்தால் போய்ப் பார்ப்பதற்கு என்று எனக்கு இருந்தது அந்த வண்டி மட்டும்தான்.

அப்பா பக்கத்து லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஸ்டிக்கரை இரண்டு தரம் படித்துவிட்டு, "நல்லா க்ளியரா எழுதியிருக்கான்" என்றார். அவ்வளவுதான் ஆறுதல்.

தமிழர் மெயில் குரூப்பில் போட்டோவோடு கேட்டேன். நியூஜெர்சிக்காரர் ஒருவர், பத்து நிமிட வெல்டிங் வேலை என்றார். ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒருவர், வெல்டிங் பண்ணினால் ஃப்ரேம் போச்சு, பெரிய போல்ட் போதும் என்றார். இன்னொருவர், தம்பி எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டார். கேட்டியிலிருந்து நூர்தீன் என்பவர் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார்: "போட்டோவில் இருப்பது என் வண்டியில் உள்ள அதே மாடல் டேங்க்தான், காது என்னிடம் இருக்கிறது, வந்து பாருங்கள்." காயல்பட்டினத்துக்காரர். எண்ணெய் கம்பெனிகளுக்குக் குழாய் டிசைன் பண்ணுகிற வேலை.

வழி கேட்க அம்மா அவர் வீட்டுக்கு போன் பண்ணினார். எடுத்தது அவர் மனைவி ஆயிஷா ஆன்ட்டி. முக்கால் மணி நேரம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு அம்மா சொன்னார்: "அவங்க கறிவேப்பிலைச் செடி குளிர்ல பட்டுப்போச்சாம்டா. பாவம்." வழி கேட்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அப்பாவின் காரில் கிளம்பினேன். முந்தின நாளே டேங்க்கைக் காலி செய்து, காயவைத்து, டிக்கியில் துணி சுற்றி வைத்திருந்தேன். டாலஸைத் தாண்டி ஐ-45 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஹூஸ்டன் வரை நேர்கோடு. சாலை ஓரமெல்லாம் நீலப் பூக்கள், போட்டோ எடுக்கக் குடும்பம் குடும்பமாகக் காரை நிறுத்தியிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஹன்ட்ஸ்வில் தாண்டியதும் இடது பக்கம் மரங்களுக்கு மேலே ஒரு பிரம்மாண்டமான வெள்ளைச் சிலை திடீரென்று எழும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர்கள் ஜாக்கிரதை. ஹூஸ்டனுக்குள் நுழையாமல் பெல்ட்வே என்கிற சுற்றுச்சாலையில் மேற்கே திரும்பி ஐ-10 பிடியுங்கள். டோலுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லாததால் பின்னால் ஒரு வரிசையே ஹாரன் அடித்தது. பெட்ரோல், போக வர 45 டாலர்.

பத்தே முக்காலுக்கு கேட்டி. ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஒரே மாதிரி கராஜ் கதவுகள். நூர்தீன் அங்கிள் லுங்கியும் சேஃப்டி ஷூவுமாகக் கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. எங்க நம்ம டேங்க்?"

டிக்கியைத் திறந்தேன். டேங்க் இல்லை. அது இருந்த இடத்தில், நான் சுற்றி வைத்த அதே துணியில் சாய்ந்தபடி, ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி நின்றிருந்தது.

அங்கிள் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுக்கும் காது இல்லையோ?"

அம்மாவுக்கு போன் போட்டேன். செல்போனில் வார இறுதி நிமிடங்கள் இலவசம் என்பதால் நன்றாகவே கத்தினேன். அம்மா அசரவில்லை.

"பெட்ரோல் வாடைக்குச் செடி வாடிராதா? நீ குளிக்கப் போனப்ப டேங்க்க எடுத்து டைனிங் டேபிள்ல வெச்சேன். ஃப்ரேம்லதானே காணோம்னு சொன்ன? டேங்க்குல ஒண்ணும் காணோம்னு சொல்லலயே?"

ஒரு மாதமாக நான் சொன்னது அதைத்தான்.

இதற்குள் ஆன்ட்டி வந்து செடியைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டார். "மாஷா அல்லாஹ், எத்தன கொழுந்து! உங்க உம்மாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்டே தெரியல. தம்பி, கை கழுவுங்க. சாப்பிடாம யாரும் கராஜுக்குள்ள போகக் கூடாது." பதினொரு மணிக்கு நெய்ச்சோறு, கறி, கத்தரிக்காய். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் தரம் வைத்தார்கள்.

பிறகு கராஜ். அங்கிளின் வண்டி பளபளவென்று நின்றது. டேங்க்கைக் கழற்றிக் காட்டினார். பின்னால் காது இருந்தது, அழகாக, ஃப்ரேமோடு ஒட்டி. முன் ரப்பரிலிருந்து காது வரை அளந்தார். பதினேழு இஞ்ச்.

"இதே மாதிரி ஒண்ணு வெட்டித் தாறேன். வீட்டுல போய் வெல்டு பண்ணிக்குங்க. ஆனா உங்க டேங்க் அளவு தெரியாம வெட்டப் பயமா இருக்கு. வீட்டுல யாராச்சும் அளந்து சொல்லுவாங்களா?"

அம்மாவை விட்டால் வீட்டில் அப்பாதான். அந்த வண்டியை அதுவரை அவர் விரலால்கூடத் தொட்டதில்லை. கேட்டேன்.

"எதுலேர்ந்து எது வரைக்கும்? தெளிவாச் சொல்லு. சும்மா அளன்னா என்னத்த அளக்கிறது?"

சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். "டேங்க்ல பதினேழு. மூணு தரம் அளந்தேன், மூணு தரமும் பதினேழு."

அங்கிள் தகட்டையும் அறுவை பிளேடையும் எடுத்துவிட்டார். முடிந்தது, சாயங்காலம் வெல்டிங், திங்கள் கவலையில்லை என்று நினைத்தேன். அப்பா இன்னும் போனை வைக்கவில்லை.

"இருடா. டேபிள்ல வெச்சு அளந்தா போதுமா? வண்டியில வெச்சுப் பாக்க வேண்டாமா? நான் டேங்க்கைத் தூக்கிட்டுப் பார்க்கிங் போறேன்."

அப்பா. டேங்க்கைத் தூக்கிக்கொண்டு. பார்க்கிங்குக்கு. நானும் அங்கிளும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மூச்சு வாங்குகிற சத்தம், தகரம் இடிக்கிற சத்தம், யாருக்கோ அப்பா ஹலோ சொல்கிற சத்தம்.

"டேய், பதினேழாவது இஞ்ச்சுல இரும்பே இல்ல."

"என்னப்பா சொல்றீங்க?"

"ஃப்ரேமோட மேல் குழாய் பதினஞ்சுலயே கீழ வளைஞ்சு போயிருது. டேங்க்கோட வால் அந்தரத்துல நிக்குது. கீழ ரெண்டு இஞ்ச் காத்துதான். நீ காதை எங்க ஒட்டுவ, காத்துலயா?"

அங்கிள் தன் வண்டியைக் குனிந்து பார்த்தார். அவருடைய குழாய் பதினேழைத் தாண்டியும் நேராகப் போனது. பிளேடைக் கீழே வைத்தார்.

"தம்பி, டேங்க் என் வண்டி மாடலோடதுதான். உங்க ஃப்ரேம் வேற வண்டி. எவனோ மாத்தி வெச்சிருக்கான். உங்க ஃப்ரேம்ல காது காணாமப் போகல. பொறந்ததுலேர்ந்தே கிடையாது."

"அப்ப அது என்ன வண்டி அங்கிள்?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

கொஞ்ச நேரம் கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறேன். டேங்க்கைக் கொண்டுவந்திருந்தால் அங்கிளின் ஃப்ரேமில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், சந்தோஷமாகத் தப்பான காதை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இதற்கு அம்மாவுக்கு நன்றி சொல்வதா, செடிக்கா என்று தெரியவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

அங்கிள்தான் எழுப்பினார். "குழாயைத் தாங்குறதுதான் தம்பி என் பொழப்பே. வெல்டே வேணாம். குழாயச் சுத்தி ரெண்டு பாதியா ஒரு கிளாம்ப், அதுக்கு மேல ரெண்டு இஞ்ச் உசரத்துக்கு ஒரு தகடு, நடுவுல ரப்பர். எண்ணெய் பிளான்ட்ல பெரிய பெரிய குழாயெல்லாம் அப்படித்தான் நிக்குது. உங்க குழாய் என்ன தடிமன்?"

மறுபடி அப்பா. நூலைச் சுற்றி அளந்து, நாலு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி என்றார். பிறகு அவரே, "3.14-ஆல வகுத்துட்டேன், ஒண்ணேகால்னு வெச்சுக்கோங்க சார். ஒரு பேப்பரைச் சுத்தி ரீ-டெஸ்ட் பண்ணவா?" என்று அங்கிளிடம் நேராகக் கேட்டார். அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் டார்ச் பிடித்தேன்.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. எட்டு மணிக்கு வீடு.

ஞாயிற்றுக்கிழமை கிளாம்ப்பை மாட்டினோம். ஓட்டை கால் இஞ்ச் தள்ளியிருந்தது. யார் அளந்தது தப்பு என்று அரை மணி நேரம் சண்டை. ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்கினேன், உட்கார்ந்துவிட்டது. யார் தப்பு என்பது இன்னும் தீரவில்லை.

திங்கள் பத்து மணிக்கு அபார்ட்மென்ட் மேனேஜர் அம்மாள் வந்தார். பின்னால் டோ டிரக் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அப்பா ஆபீஸுக்கு லேட்டாக வருவதாகச் சொல்லியிருந்தார், எனக்குச் சொல்லவில்லை. மூன்று உதை, ஒன்றுமில்லை. டிரக்காரன் இறங்கிச் சங்கிலியை எடுத்தான். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. கிளட்ச்சை விட்டேன். டேங்க் மடிக்கு வரவில்லை. பார்க்கிங்கை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

இது என்ன வண்டி என்று மேனேஜர் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "ஸ்டில் டெஸ்டிங், மேடம்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். டிரக் போய்விட்டது.

"பிரேக் பிடிக்குதா?" என்றார் அப்பா.

"பார்க்கலப்பா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: பாகம் காணோம் என்று தேடக் கிளம்பும் முன், அது எப்போதாவது அங்கே இருந்ததா என்று பாருங்கள். டேங்க்கை டேபிளில் வைத்து அளக்காதீர்கள், வண்டியில் வைத்து அளங்கள். கேட்டிக்குப் போனால் வெறும் வயிற்றோடு போங்கள். கிளாம்ப்பை நூறு மைலுக்கு ஒரு தரம் இறுக்குங்கள். நான் இதுவரை நாலு தரம் இறுக்கிவிட்டேன்.

என் ஃப்ரேம் எந்த வண்டியுடையது என்று இன்னும் தெரியாது. அதற்கென்று அசல் டேங்க் ஒன்று எங்காவது ஒரு கொட்டகையில் கிடக்கலாம். படிக்கிறவர்களில் யாரிடமாவது அது இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.