நடுவுப் பாய்

இல்லை, பிக்னிக் இல்லை. பாயும் எங்களுடையது இல்லை. சபையுடையது.

நேற்றுப் போட்ட போட்டோவில் ஸ்கூட்டியில் சுருட்டிக் கட்டியிருக்கிறதே, சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட பிளாஸ்டிக் பாய்... அதைத்தானே கமெண்டில் கேட்கிறீர்கள். இன்றைக்கும் விரித்தால் ஃபினாயில் வாசனை வருகிறது. வருவதாக நான் நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

மண்ணூரில் அப்போது எங்கள் சபைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நாற்காலி கிடையாது. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். நடுவில் நாலடி வெறும் தரை. பிரசங்கத்தின்போது பாஸ்டர் அதில் முன்னும் பின்னும் நடப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினேழு. அக்காவுக்கு ஆட்டிசம். அந்த வார்த்தை எங்களுக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. வீட்டை விட்டு வெளியே வந்தால் அப்பாவின் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். விடமாட்டாள். அம்மாவுக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட்.

அப்பாவின் சபைச் சட்டை வெள்ளை. வலது ஓரம் மட்டும் எப்போதும் கசங்கி, மஞ்சளாக.

அப்படியானால் எந்தப் பக்கம் உட்காருவது?

முதல் வாரம் அப்பாவும் அக்காவும் பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார்கள். சபையின் பெரியவரான மூப்பர் வந்து குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. பொம்பளைங்க பக்கம் ஆம்பள குந்தறது நம்ம சபையில வழக்கமில்ல. பாப்பாவ இங்க வுட்டுட்டு நீ அந்தாண்ட வா."

அப்பா எழுந்தார். சட்டையோடு அக்காவும் எழுந்தாள். ஆண்கள் பக்கம் போனார்கள். வயசுப் பொண்ணு இங்கேயா என்று அங்கே ஒரு முணுமுணுப்பு.

"பரவால்லய்யா. நாங்க வெளியவே குந்திக்கிறோம்" என்றார் அப்பா.

அதன்பின் அவர்கள் இடம் வாசல். செருப்புகளுக்குப் பக்கத்தில். வெயில் ஏற ஏற நகர்ந்து நகர்ந்து...

நான் உள்ளே, என் வயதுப் பெண்களோடு. ஜன்னல் வழியே அப்பாவின் பாதி முதுகு தெரியும். அந்தப் பக்கம் திரும்பாமல் பாடினேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

ரோசி அக்கா என்று ஒருவர் இருந்தார். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக சபைக்கு வந்து, பிரசங்கம் முழுக்கத் தூங்குவார். ஆமென் மட்டும் சரியான நேரத்தில் சொல்லிவிடுவார்.

ஒரு மழை ஞாயிறு. அவர் தாமதமாக வந்தார். வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னாண்ணே, செருப்புக்கு வாட்ச்மேனா? பாப்பா நனஞ்சிகினு கீது பாரு."

அப்பா சிரித்து மழுப்பினார். ரோசி அக்கா உள்ளே வந்து, மூலையில் இருந்த பாயை இழுத்து, நடுத்தரையில் விரித்தார். பாட்டு நின்றது.

"ரோசிம்மா, அது பாஸ்டர் நடக்கிற வழி" என்றார் மூப்பர்.

"சுத்திக்கினு போவட்டும்யா. லைன்ல புது மெஷின் எறக்குனா நாங்க சுத்திக்கினு போறதில்ல? அந்தாண்ட ஆம்பளைங்க, இந்தாண்ட பொம்பளைங்க. நடுவுக்கு இன்னா ரூல் கீது, சொல்லு?"

நடுவுக்கு ரூல் இல்லை. யாரும் யோசித்திருக்கவில்லை.

அப்பாவும் அக்காவும் வந்து உட்கார்ந்தார்கள். இருவர் தலையிலும் தண்ணீர் சொட்டியது. பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே பாய் வரை நடந்து வந்தார். நின்றார். சுற்றிப் போனார். அடுத்த வாரம் அவர் கால் தானாகவே சுற்றியது.

அக்கா காதைப் பொத்துவதைப் பார்த்து டோலக் அண்ணன் உள்ளங்கையை விட்டு விரல் நுனியால் வாசிக்கத் தொடங்கினார். "கிறிஸ்மஸுக்கு மட்டும் அடிச்சுக்கிறேன் பாப்பா, கோச்சுக்காத."

அக்கா அந்த இடத்துக்குப் பெயர் வைத்தாள். ஞாயிறு காலையில் பல் தேய்க்கும்போதே கேட்பாள்.

"நடுவு?"

"நடுவுதான்" என்பார் அப்பா.

பிறகு அந்தப் பாயில் கூட்டம் சேர்ந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி. கைக்குழந்தையோடு வேலை தேடி வந்த திருநெல்வேலிக் குடும்பம். நானும் நகர்ந்து வந்துவிட்டேன். கடைசியாக வந்தது நான்தான்.

இப்போது சபை ஹைவே பக்கம் இருக்கிறது. ஏசி, பெரிய திரை, வரிசையாக நாற்காலிகள். ஆண் பக்கம், பெண் பக்கம் கிடையாது. யாரும் எங்கேயும் உட்காரலாம். பழைய பாய்களைக் கழித்தபோது அப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அப்பா போய் இரண்டு வருடம். அக்கா இப்போது பிடித்துக்கொள்வது என் துப்பட்டா முனையை.

ஹாலின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை. மெத்தை, சத்தம் குறைத்த ஸ்பீக்கர், காதுக்கு ஹெட்ஃபோன். "உங்கள மாதிரி ஃபேமிலிக்காகவே ரெடி பண்ணது சிஸ்டர்" என்றாள் பேட்ஜ் போட்ட பெண். நிஜமான சந்தோஷத்தோடு. குறை சொல்ல எதுவுமில்லை. ஹெட்ஃபோனை அக்கா கழற்றவே விடவில்லை.

ஆனால் ஆராதனை முடியும்வரை கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றாள். "நடுவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது கண்ணாடியில் அவள் நெற்றியின் அச்சு. அந்தப் பெண் அதைத் துணியால் துடைத்தாள்.

பழைய சபையில் அன்றைக்கு எங்களுக்கென்று எதுவும் இல்லை. வழியை அடைத்து இடம் போட்டார்கள். இன்றைக்கு எங்களுக்கென்று ஓர் அறையே இருக்கிறது. எனக்கு அந்த நாலடித் தரை வேண்டியிருக்கிறது...

நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது அக்கா கேட்டாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சொன்னேன்: "நடுவுதான்."

பரணிலிருந்து பாயை இறக்கினேன். கண்ணாடி அறையில் ஹெட்ஃபோனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே பாயை விரித்தேன். வரவேற்பில் நின்றவர் வேகமாக வந்தார்.

"சிஸ்டர், இது நடக்கிற வழி..."

"சுத்திக்கினு போங்க" என்றேன்.

பல நாள் சுருட்டி வைத்த பாய். ஓரம் மடங்கி மடங்கி எழுந்தது. அதை நீவிவிட்டு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.