மறுமொழி சொல்லாத பெரியப்பா

எங்கள் பெரியப்பா கோயிலில் சாமி, வீட்டில் செவிடன். சொன்னது நானல்ல, பெரியம்மா. நாளுக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது.

விசயம் இதுதான். கிணற்றுக்கட்டு வெடித்துக் கிடக்கிறது, அச்சுவேலியில் மேசன்மாருக்கா பஞ்சம், எப்போது ஆளைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று பெரியம்மா கேட்பார். பெரியப்பா சுவரைப் பார்த்தபடி இருப்பார். வெறும் வாயை மெதுவாகச் சப்புவார். விரல்கள் இடுப்பில் கட்டிய சாரத்தின் கரையைப் பிசையும். பெரியம்மா இரண்டாந்தரம் கேட்பார், மூன்றாந்தரம் கத்துவார். கொஞ்சம் பொறுத்துப் பெரியப்பா நித்திரையால் எழும்பியவர்போலத் திரும்பி, "என்னப்பா, ஏதும் கேட்டனீரோ?" என்பார்.

ஒன்றுமே கேட்கவில்லை என்று சத்தியமும் பண்ணுவார். அதுதான் பெரியம்மாவுக்குத் தாங்காது. காதில் குறையென்றாலும் பரவாயில்லை. வளவில் தேங்காய் விழுந்தால் முதலில் கேட்பது அவருக்குத்தான். எழுபது வயதுக்குப் பிறகு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பெரியம்மா வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டார்.

பிள்ளையார் கோயில் புராணப் படிப்பில் ஒருவர் பாட்டைப் படிக்க, பெரியப்பாதான் பயன் சொல்லுவார். அந்த வருடம் பொருளை விரித்துக்கொண்டு போகையில் நடுவில் நின்றுவிடத் தொடங்கினார். கண் மூலஸ்தானத்தில் குத்திட்டு நிற்கும். வாய் அசையும். விரல்கள் சால்வைக் கரையைப் பிசையும். சனம் மூச்சுக் காட்டாது. பிள்ளையாரே வந்து வாயைக் கட்டிவிட்டார் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி நாள் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய பெறாமகள் என்று எனக்கு வகுப்பில் தனி மதிப்பு.

பெரியம்மா போகவில்லை. "உந்தக் கூத்தை நான் அங்கையும் வந்து பாக்கோணுமோ?"

யாரோ அதை வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். பார்த்தாவது திருந்தட்டும் என்று பெரியம்மாவுக்கு நான்தான் அம்மாவின் கைபேசியில் போட்டுக் காட்டினேன். வாயைக் கோணிக்கொண்டு பார்க்கத் தொடங்கியவர், பிறகு கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொருமுறை என்றார். அப்பாடா, பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எனக்கு நடிப்பார்," என்றார் பெரியம்மா. "பிள்ளையாருக்கு நடிக்கமாட்டார்."

மறுநாளே ஆஸ்பத்திரி. வீடியோவைப் போட்டுக் காட்ட என்னையும் கூட்டிப் போனார். தனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையென்று பெரியப்பா பஸ் முழுக்கச் சண்டை பிடித்தார். டொக்டர் வீடியோவைப் பார்த்தார், கும்பிடவில்லை. தலையை ஸ்கான் எடுப்பித்துவிட்டு, இது வலிப்பு என்றார். வயது போனவர்களுக்கு விழாமல், உதறாமல் இப்படியும் வருமாம். வந்து போனது அவர்களுக்கே தெரியாதாம். எங்களுக்குத் தெரிந்த வலிப்பில் ஆள் விழ வேண்டும், நுரை தள்ள வேண்டும், யாராவது ஓடிவந்து கையில் இரும்புத் திறப்புக்கோர்வையைத் திணிக்க வேண்டும். சும்மா சுவரைப் பார்ப்பதெல்லாம் வலிப்பென்றால் எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு வலிப்புத்தான்.

டொக்டர் எழுதித் தந்த குளிசை வேலை செய்தது. அடுத்த வருடம் பெரியப்பா எங்கும் நிற்காமல் பயன் சொல்லி முடித்தார். சனத்துக்குப் பிடிக்கவில்லை. முந்தின உருக்கம் இல்லையாம். குளிசை கொடுத்துச் சாமியைத் துரத்திவிட்டார் என்று பெரியம்மாவின் காதுபடவே கதைத்தார்கள். பொன்னாடை வேறொருவருக்குப் போனது. எனக்கும் பெரியம்மாமேல் கடுங்கோபம்.

ஒரு பின்னேரம் நான் அங்கே நிற்க, பெரியம்மா குசினியில் இருந்தபடி மறுபடி கிணற்றுக்கட்டுக் கதையை எடுத்தார். பெரியப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். மறுமொழி இல்லை. இன்னொருமுறை கேட்டார். இல்லை. கையில் இருந்த அகப்பையோடு ஓடிவந்து, குனிந்து அவருடைய வாயைப் பார்த்தார். பிறகு விரல்களைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ," என்றார்.

"கேக்குது," என்றார் பெரியப்பா. "மறுமொழி சொல்ல விருப்பமில்லை."

இனி வீடு இரண்டுபடும் என்று நான் ஒதுங்கி நின்றேன். பெரியம்மா அகப்பையோடு திரும்பி உள்ளே போனார். எட்டிப் பார்த்தால், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். அழுது முடித்துத் தேத்தண்ணி போட்டு, அவ்வளவு திமிராகக் கதைத்த மனிதருக்குச் சீனியும் கூடப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பெரியம்மாவுக்கு எப்போது கோபிக்க வேண்டும் என்பதே தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.