பனிமலைக்குப் பதிலாகப் புதுவாயல்

புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்கு என்று சொன்னவர் கேமராவைக் கையால் தொட்டிருக்கவே மாட்டார். கழுத்தில் ஒன்று தொங்குவது தெரிந்தால் போதும், சொந்தக்காரர் பாஸ்போர்ட் சைஸ் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க மகளை நிற்கவைத்து ஒரு படம் கேட்பார். சம்பளமில்லாமல் இந்தப் பாடு படும் சக கேமராக்காரர்களே, என் கதையும் உங்கள் கதைதான். என்ன, கூடுதலாக என் கழுத்தில் ஒரு சபையின் காலண்டரும் தொங்கியது.

மெர்சியின் கேள்வி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. வார்ப்பு இரும்பில் விரிசலும் ஓட்டையும் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவேன். நாள் முழுக்கக் குறையையே தேடுகிற கண்ணுக்கு ஒரு மாற்று வேண்டுமென்று செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினேன். ஆண்டவர் படைத்ததில் நல்லதைப் பார்ப்பதும் ஜெபம்தான் என்று என் மனைவி மெர்சிக்கு விளக்கம் சொன்னேன். அவள் ஆமென் சொல்லவில்லை.

எங்கள் சபையில் வருடா வருடம் வசன காலண்டர் அச்சடிப்போம். மாதத்துக்கு ஒரு வசனம், அதற்கு மேலே ஒரு படம். படம் என்றால் அச்சகத்துக்காரர் கையிருப்பில் இருக்கும் பனிமலை. அது தீர்ந்துவிட்டால் பனிமலைக்குக் கீழே ஏரி. ஷிப்ட் முடிந்து வெந்துபோய் வரும் எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் சட்டை பட்டனைக் கழற்றுவார்கள். போன ஜனவரியில் புதுக் காலண்டரை மாட்ட நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். மெர்சி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்: "ஏங்க, நம்ம ஊர மட்டும் வேற யாராவது படைச்சாங்களா?"

வரப்பில் ஒரு விசாரணை

அந்தக் கேள்வியோடு பாஸ்டரிடம் போனேன். பன்னிரண்டு படமும் நம்ம பக்கத்திலேயே எடுத்துத் தருகிறேன் என்றேன். பாஸ்டருக்குச் சந்தோஷம். சபைச் செயலர் சாம்ராஜ் அண்ணனுக்குத்தான் இல்லை. பனியில் ஒரு பரிசுத்தம் இருக்கிறது, அது புகையில் வராது என்பது அவர் கட்சி. நவம்பர் கடைசி ஞாயிறு கமிட்டிக்குள் பன்னிரண்டும் வந்தாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் பழையபடி பனிமலை என்று முடிவானது. உண்மையைச் சொல்கிறேன், பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் இவ்வளவு பதறவில்லை.

அமைதியான தண்ணீரைப் பற்றிய வசனத்துக்கு ஆரம்பாக்கம் போய் ஒரு வரப்பில் குப்புறப் படுத்தேன். நடவு முடிந்த வயலில் வானம் அப்படியே தெரிந்தது. ரெண்டு கிளிக் தட்டுவதற்குள் காலில் மம்பட்டிக் காம்பு இடித்தது. நிலத்துக்காரர். கம்பெனிக்கு நிலம் அளக்க வந்த ஆள் என்றே என்னைப் பற்றி முடிவு கட்டியிருந்தார். சேற்றோடு எழுந்து, சாமி காலண்டருக்கு என்று விளக்கியதும் அவர் முகம் மாறியது. தலையைத் துவட்டி, துண்டைத் தோளில் போட்டு, சரியாக என் வானத்தின் நடுவில் வந்து நின்றார். தண்ணீர் மட்டும் போதும் ஐயா என்றேன். அவர் நகரவில்லை. "நெலத்த மட்டும் எடுத்துக்கினு போறவங்கள நெறைய பாத்துட்டேன் நைனா, நெலத்துக்காரன் நிக்கிற மாரி எடு."

மூடியோடு ஒரு முழுக்கு

மணவாள நகரில் மெர்சியின் தம்பிக்கு ஞானஸ்நானம். அவர்கள் சபையில் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், ஆளை முழுசாக முக்கி எடுப்பார்கள். புதுவாழ்வு வசனத்துக்கு இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும் என்று தொட்டி விளிம்பிலேயே இடம் பிடித்தேன். அந்தச் சபை பாஸ்டர் முக்கினார், தூக்கினார், எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்புறம்தான் லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்று தெரிந்தது.

புத்தி வேலை செய்யவில்லை. "இன்னொரு தரம் முழுகுப்பா" என்று கேட்டேவிட்டேன். மச்சானும் நல்ல பிள்ளை, சரி மாமா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான். சபையே சிரித்தது. நடுங்கிக்கொண்டே அவனும் வாய்விட்டுச் சிரித்தான். அதைத்தான் எடுத்தேன், பன்னிரண்டில் அழகான படம் அதுதான். பாஸ்டர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "ஞானஸ்நானம் ஒரு வாட்டிதான் பிரதர், ரெண்டாவது வாட்டி முழுகுனா அது குளியலு."

இடது பக்கம்

ஜனவரிக்கு, காணாமல்போன ஒற்றை ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பர் வசனம். அதற்குப் புதுவாயல் சர்வீஸ் ரோட்டில் ஒரு மந்தை மாட்டியது. காலை வெயில், தூசி, பின்னால் கண்டெய்னர் லாரி. படம் பிரமாதம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சரோஜா அக்காவிடம் போனில் காட்டினேன். அக்கா ஞாயிறு பள்ளி டீச்சர். வார நாளில் ஒரு கம்பெனியில் நாற்பது பெண்களுக்கு லைன் சூப்பர்வைசர்.

அக்கா படத்தைப் பெரிதாக்கி ஆட்டின் வாலைப் பார்த்தார். தொங்கினால் செம்மறி, தூக்கிக்கொண்டு நின்றால் வெள்ளாடு. எல்லா வாலும் வானத்தைப் பார்த்தன. நியாயத்தீர்ப்பு நாளில் செம்மறி வலது பக்கம், வெள்ளாடு இடது பக்கம், இடது பக்கத்துக்கு நெருப்பு என்பது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரும்பில் மயிரளவு விரிசலைக் கண்டுபிடிக்கும் எனக்கு வால் தெரியவில்லை. அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஜனவரியிலயே மொத்த சபையையும் எடது பக்கம் அனுப்பப் பாக்குறியே தம்பி, நாங்க உனுக்கு இன்னா பாவம் பண்ணோம்?"

நாற்பதாவது ஆள்

அதற்குப் பிறகு நான் செம்மறி தேடி அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அது பெரிய பேஜாரு. ஒரு தரம் ஓடும் ரயிலிலிருந்து பார்த்தேன், இன்னொரு தரம் பிரியாணிக் கடை வாசலில் பார்த்தேன், ரெண்டும் உதவாது. பதினொரு படம் ரெடி. கமிட்டிக்கு இன்னும் மூன்று நாள். சாம்ராஜ் அண்ணன் அச்சகத்திலிருந்து பனிமலை மாதிரியை வாங்கியே வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை புதுவாயலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே கம்பெனி பஸ். சரோஜா அக்கா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி நின்றால் வண்டியை எடுக்க முடியாது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு ஆளுக்காக முப்பத்தொன்பது பேர் காத்திருப்பதா என்று கத்தினார். தூரத்தில் ஒரு பெண் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, மஞ்சள் டிபன் பை பறக்க ஓடிவந்தாள். நான் டீயைக் கீழே போட்டுவிட்டு கேமராவை எடுத்தேன். அக்கா டிரைவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மத்ததுங்கதான் வந்துடுச்சேப்பா, வராததுக்குத்தான் நின்னுக்கினு இருக்கேன்."

கமிட்டி

ஞாயிறு மதியம் பன்னிரண்டையும் மேசையில் பரப்பினேன். பக்கத்திலேயே பனிமலை. சாம்ராஜ் அண்ணன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மேய்ப்பர் படத்தில் நிறுத்தி, ஆடு எங்கே என்று கேட்டார். பத்து மாத உழைப்பும் அந்த ஒரு படத்தில் நின்றது. ஓடிவருகிற பெண்தான் ஆடு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அந்த மஞ்சள் பையில் தினமும் காலையில் சோறு கட்டிக் கொடுப்பவர் அவர்தான்.

துப்பட்டாவுக்குள் இருந்தது அவர் மகள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கமிட்டியில் உட்கார்ந்திருந்த சரோஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அண்ணன் பனிமலையை எடுத்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இத அச்சகத்துக்கே திருப்பிக் குடுத்துடு, எம்பொண்ணுக்காக ஒருத்தங்க நிக்கிறது தெனமும் என் ஊட்டு செவுத்துல தெரியணும்."

ஆகவே சக கேமராக்காரர்களே, எங்கள் ஊரையும் ஆண்டவர்தான் படைத்தார் என்பது இப்போது வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்குகிறது. டிசம்பர் மாதக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மேல் மட்டும் அச்சகத்துக்காரர் பழக்கதோஷத்தில் கொஞ்சம் பனியைத் தூவிவிட்டார்.