சார்ஜில் இருப்பதாகச் சொல்லப்பட்ட போன்

எங்கள் கம்பெனியில் வார்டன் என்று ஒரு பதவி கிடையாது. இருந்தாலும் வார்டன் எங்கே என்று யாரைக் கேட்டாலும் முதல் மாடியில் ஜன்னல் ஓர மேசையைக் காட்டுவார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாங்கள் லிப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி. நான் கீழ்த்தளத்தில் ஸ்டோர் கீப்பர். கம்பிக்கயிறு, போல்ட், பல்பு, எண்ணெய் டின் எல்லாம் என் பொறுப்பு. இதில் வரும் சில சம்பவங்கள் வார்டன் வீட்டுக்குள் நடந்தவை. அவற்றை அவரும் அவர் கணவரும் தனித்தனியே சொல்லக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிற பகுதியை மட்டும் எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாத பகுதி கொஞ்சம் அதிகம்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது டெலிபோன் ஆபரேட்டராக. வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, உள்ளே யாருக்கு வேண்டுமோ அவருக்குத் தருவது அவர் வேலை. பிற்பாடு மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கம்பெனி செலவில் ஸ்மார்ட்போன் தருவது என்று முடிவானது. அவற்றை யார் மேய்ப்பது என்ற கேள்வி வந்தபோது மேனேஜர் யோசிக்கவே இல்லை.

"போன்னா அந்தம்மாதான். இத்தனை வருஷமா அவங்கதானே பாக்கறாங்க" என்றார்.

மாட்டு வண்டியைப் பழுது பார்க்க மாட்டு டாக்டரிடம் அனுப்புவது போன்ற யோசனை. அம்மாள் மறுப்புச் சொல்லவில்லை. சாப்ட்வேர் விற்றவரைப் போனில் பிடித்து, அவருக்கே புரியும் வரை கேள்வி கேட்டார். கொஞ்ச நாளில் எல்லாப் போன்களும் அவருடைய கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக வந்து நின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தப் போனையும் அவரால் பூட்ட முடியும், விளையாட்டு ஆப்களைத் தடுக்க முடியும், போன் எங்கே கிடக்கிறது என்று பார்க்க முடியும். எதற்கும் வழியில்லாமல் போனால் உள்ளே இருப்பது அத்தனையையும் தொலைவிலிருந்தே அழித்துவிடவும் முடியும். இந்தக் கடைசிக் காரியத்துக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் தலைமுழுக்கு.

முதலில் அவர் பிடித்தது பின் நம்பர்களை. டீ குடிக்கும் நேரத்தில் மேசை மேல் கிடக்கும் போனை எடுப்பார். அதன் சொந்தக்காரருடைய பைக் நம்பரைப் போட்டுப் பார்ப்பார். இல்லையென்றால் பிள்ளை பிறந்த தேதி. பெரும்பாலும் மூன்றாவது முயற்சி தேவைப்படாது. திறந்த போனை அப்படியே திருப்பித் தந்து, "மாத்திட்டு வந்து காட்டுங்க" என்பார்.

"அக்கா, பொண்டாட்டிக்குக் கூட இந்த நம்பர் தெரியாதுக்கா" என்று ஒருவன் முனகினான்.

"உன் பொண்டாட்டி முயற்சி பண்ணியிருக்க மாட்டா. பாவம், நம்பியிருப்பா."

வார்டன் என்ற பெயர் வந்தது இதனால் அல்ல. சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லாப் போன்களுக்கும் ஒரு செய்தி போகும். வைத்திருப்பவர் போனைத் திறந்து, 'இருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஹாஸ்டலில் ஆஜர் எடுப்பது போல. அழுத்தும் வரை போன் விட்டு விட்டு மணி அடிக்கும். அழுத்தாதவருக்கு மறுநாள் உச்சிப்பொழுது வரை அவகாசம். அதற்குள் அவரே வாய் திறந்து, போன் தொலைந்தது என்று சொல்லிவிட்டால் போனைத் தேடுவார்கள். சொல்லாவிட்டால் தலைமுழுக்கு. இது வெறும் கண்டிப்பு என்று சிலர் நினைத்தார்கள். ஒவ்வொரு போனுக்குள்ளும் நாங்கள் பார்க்கும் கட்டிடங்களின் மோட்டார் அறைப் பூட்டு எண்கள் இருந்தன என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

விதிகளை அவரே எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டியிருந்தார். மேனேஜர் அவற்றை முதல் தடவை படித்தது சுவரில்தான். புகார் வராமல் யாருடைய போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. தொலைத்தவர் தானாகச் சொல்ல வேண்டும், அவர் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. மூன்றாவது தடவை தொலைத்தால் போன் பறிபோகும், ஆள் மூன்று மாதம் ஸ்டோரில் உட்கார வேண்டும்.

அதாவது என்னோடு. இதை அவர்கள் எல்லோரும் தண்டனை என்றே கருதினார்கள். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. விதியும் அப்படித்தான் கருதியது.

இப்போது அவருடைய கணவர். அவரும் எங்கள் மெக்கானிக்குகளில் ஒருவர்தான். கையில் இருப்பதைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலை பார்ப்பார், வைத்ததை அங்கேயே விட்டுவிட்டு வருவார். முதல் போன் பஸ்ஸில் போயிற்று. இரண்டாவது ஒரு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் போயிற்று. இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது போனைக் கையில் கொடுத்தபோது வார்டன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஸ்டோர்ல காத்து வராதுங்க."

அந்த மூன்றாவது போனிலிருந்து ஒரு சாயங்காலம் ஆஜர் வரவில்லை. மற்ற எல்லோரும் அழுத்திவிட்டார்கள். வராத ஆள் வீட்டில் வார்டன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க போன் எங்க?"

"சார்ஜ்ல இருக்கு."

"எங்க சார்ஜ்ல?"

"உள்ள."

அம்மாள் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். சார்ஜர் வயர் சுவரிலிருந்து தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி. நல்லா ஏறட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் கணவர் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினார். முந்தைய நாள் போன கட்டிடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்த் தேடுவது அவர் திட்டம்.

"போன் எடுத்துக்கிட்டீங்களா?"

"எல்லாம் எடுத்தாச்சு" என்று பையைத் தட்டிக் காட்டினார். பையில் ஸ்பானர்கள் இருந்தன.

அன்று காலை எண்ணெய் வாங்கும் சீட்டில் கையெழுத்துக்காக நான் முதல் மாடிக்குப் போயிருந்தேன். மேனேஜர் இன்னும் வரவில்லை. வார்டன் பழைய வழக்கப்படி வெளியழைப்பையும் தானே எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் கூப்பிட்டார். அந்தக் காலத்து ரிசீவர், பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"எங்க லிப்ட் மணி அடிக்குதும்மா."

"கதவு சரியா மூடலைன்னா அடிக்கும் சார்."

"மூடித்தான் இருக்கு. கூரைக்கு மேல இருந்து அடிக்குது. மேல் மாடிக்குப் போனாத்தான் அடிக்குது. கீழ வந்தா நின்னுடுது."

வார்டன் அதைப் புகாராகப் பதிந்தார். புகார் பதிந்தால் அது தானாகவே அந்தப் பகுதி மெக்கானிக்கின் போனுக்குப் போகும். அவர் ஏற்றுக்கொள்ளும் வரை விட்டு விட்டு மணி அடிக்கும். மோட்டாருக்குள் தலையை விட்டிருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று, இருப்பதிலேயே நாராசமான மணியை வார்டனே தேர்ந்தெடுத்திருந்தார். அந்தப் பகுதி அவர் கணவருடையது.

சற்று நேரத்தில் செயலாளர் மறுபடி கூப்பிட்டார்.

"உங்ககிட்ட சொன்னதுக்கு அப்புறம் இன்னும் அதிகமா அடிக்குது. சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"மெக்கானிக்குக்குத் தகவல் போயிருக்கு சார்."

"போயி? ஆள் வரணுமே. நான் மேல் மாடிலதான் லிப்டை நிறுத்தி வெச்சுக்கிட்டு நிக்கறேன். அவரைக் கூப்பிடுங்க."

வார்டன் இன்னொரு போனை எடுத்துக் கணவரின் நம்பரை அழுத்தினார். செயலாளர் குரல் தாழ்ந்தது.

"அம்மா. இப்ப குழந்தை சிரிக்குது."

"எந்தக் குழந்தை?"

"குழந்தையே இல்லம்மா. கூரைல சிரிக்குது."

வார்டன் ரிசீவரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அது அவருடைய மகள் வயிற்றுப் பேரன். அந்தச் சிரிப்பைப் பதிவு செய்து அழைப்பு மணியாக வைத்திருந்தவர் தாத்தா. வார்டன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கணவர் நம்பருக்குப் போட்ட அழைப்பைத் துண்டித்தார்.

"நின்னுடுச்சு" என்றார் செயலாளர். "மேல் மாடிப் பல் டாக்டர் படியில இறங்கிப் போறார்மா. ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கற மனுஷன், அவருக்கே வேர்த்துப்போச்சு. நான் லிப்டைக் கீழ இறக்கி ஸ்விட்சை அணைச்சிடறேன்."

அவர் வைத்ததும் நான் கேட்டேன். "இடம்தான் தெரிஞ்சுபோச்சே. ஆள் அனுப்பி எடுத்துடலாமே."

"எதை ஐயா?"

"உங்க வீட்டுக்காரர் போனை."

"அது சார்ஜ்ல இருக்குன்னு சொல்லியிருக்காரு."

நான் எண்ணெய்ச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வந்தார், விஷயம் கேட்டார், சிரித்தார். உச்சிப்பொழுது நெருங்கியதும் வார்டன் திரையை இழுத்து வைத்துக்கொண்டபோது சிரிப்பதை நிறுத்தினார்.

"என்னம்மா இது. லிப்ட் மேலதான கிடக்கு. அங்க ஏறி யார் எடுக்கப்போறா?"

"தொலைஞ்சுதுன்னு புகார் வரலையே சார்."

"வீட்டுக்காரர்மா."

"போன வருஷம் நம்ம மெக்கானிக் பையன் ஒருத்தன் மூணாவதாத் தொலைச்சான். அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட இந்த நாற்காலிலதான் வந்து உக்காந்தா. டீ வாங்கிக் குடுத்தேன், அவனை ஸ்டோருக்கு அனுப்பினேன். அவன் பண்ணின தப்பு, அவனுக்குப் பொண்டாட்டியா நான் இல்லாம போனதா?"

வார்டன் சுட்டுவிரலைப் பொத்தான் மேல் வைத்தார். விரல் சற்று நின்றது. பிறகு அழுத்தியது. போனில் சிக்னல் இல்லை, சிக்னல் வந்தவுடன் எல்லாம் அழிக்கப்படும் என்று திரை சொன்னது.

இதற்குச் சற்றுப் பிறகுதான் கணவர் அந்தக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். தேடும் வரிசையில் அது கடைசிக் கட்டிடம். புகாருக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்த செயலாளர், வாசலிலேயே மணி, குழந்தை, பல் டாக்டர் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார். கணவர் ஒன்றும் பேசாமல் முதல் மாடிக் கதவைத் திறந்து, கீழே நின்ற லிப்ட் பெட்டியின் கூரையில் இறங்கினார். போன் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. பேட்டரி கொஞ்சம் மிச்சம். கீழ்த்தளத்தில் சிக்னல் சுத்தமாக இல்லை.

அவருக்கு வந்த சந்தோஷம் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. தலைமுழுக்கு எங்கேயோ காற்றில் காத்துக்கொண்டிருக்கிறது. வெளியே கால் வைத்தால், சிக்னல் வந்தால், முடிந்தது. போனுக்குள் அந்த மாதம் அவர் சோதித்த கயிறுகளின் படங்கள் அத்தனையும் இருந்தன. அன்றன்றே அனுப்ப வேண்டியவை. மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்புவது அவர் வழக்கம். அழிந்தால் அத்தனை கட்டிடங்களிலும் மறுபடி ஏற வேண்டும், ஏன் ஏறுகிறாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். போனை அணைத்து வைக்கலாம். என்றைக்காவது போட்டுத்தானே ஆக வேண்டும். தொலைந்தது என்று சொல்லி அழிப்பை நிறுத்தலாம். சொன்னால் ஸ்டோர்.

போனை லிப்டுக்குப் பக்கத்திலேயே வாட்ச்மேன் நாற்காலி மேல் வைத்தார். அதைத் தொடாதீர்கள், வெளியே கொண்டுபோகாதீர்கள் என்று செயலாளரிடம் சொன்னார். குழந்தை அதற்குள்தான் இருக்கிறது என்று தெரிந்த செயலாளர் தொடுவதாக இல்லை. கணவர் காவலறைப் போனிலிருந்து எங்கள் ஆபீசைக் கூப்பிட்டார்.

எண்ணெய்ச் சீட்டில் கையெழுத்து இன்னும் ஆகாததால் நான் அங்கேயே இருந்தேன்.

"நான்தான்" என்றது குரல்.

"நான்தான்னா யாரு?"

"என்ன கேள்வி இது. கட்டின புருஷன்."

"இது ஆபீஸ் நம்பர்ங்க. என்ன விஷயம்?"

"போன் கிடைச்சிடுச்சு."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

"உங்களோடது சார்ஜ்ல இல்ல இருக்கு."

எதிர்முனையில் யாரோ வண்டியை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அழுத்திட்டியா?"

"அழுத்தியாச்சு."

"அதை நிறுத்தேன். அதான் கிடைச்சிடுச்சே."

"தொலைஞ்சுதுன்னு யாருமே சொல்லாத சாமான் எப்படிங்க கிடைக்கும்?"

"சொன்னா மூணாவதா?"

"மூணாவது."

"நீ எழுதின ரூல்தானே அது."

"ஆமாங்க. அப்போ உங்க முகம் ஞாபகத்துக்கு வரல. வந்திருந்தா ரெண்டாவதுக்கே வெச்சிருப்பேன்."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விதியில் உள்ள வாசகத்தைப் போலவே சொன்னார்.

"மேடம், கம்பெனி எனக்குக் குடுத்த போனை நேத்து சாயங்காலம் தொலைச்சிட்டேன். சார்ஜ்ல இருக்குன்னு பொய் சொன்னேன்."

"பொய் சொன்னது புகார்ல வராது. அது வீட்ல பேசிக்கலாம்" என்றபடி வார்டன் அழிப்பை ரத்து செய்தார். திரை மாறும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ம், இப்ப வெளிய வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் போன் விடாமல் மணி அடித்ததாகச் செயலாளர் பிற்பாடு சொன்னார். லிப்ட் மணி அடிக்கிறது என்ற புகாரை மெக்கானிக் அப்போதுதான் ஏற்றுக்கொண்டார். சரிசெய்யப்பட்டது என்றும் பதிந்தார். பிறகு முந்தைய நாள் ஆஜரையும் அழுத்தினார். அவர் பெயருக்கு நேரே 'இருக்கிறேன்' என்று பச்சை விழுந்ததை நான் பார்த்தேன். மேனேஜரும் அப்போதுதான் எண்ணெய்ச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கணவர் ஸ்டோருக்கு வந்தார். போல்டுகளை அளவு பார்க்காமல் அழகு பார்த்து அடுக்கினார். அவற்றைச் சரிசெய்ய நான் ராத்திரி தங்கவில்லை, மறுநாள் காலையில் செய்துகொண்டேன். ஸ்டோரில் ஸ்மார்ட்போன் கிடையாது. மேசையோடு வயரால் பிணைத்த பழைய போன் ஒன்றுதான் உண்டு. தினமும் மத்தியானம் அது அடிக்கும். அவர் எடுப்பார்.

"ஸ்டோர்."

எதிர்முனையில் என்ன கேட்கிறார்கள் என்பது இவருடைய பதிலிலிருந்தே தெரியும். "சாப்பிட்டேன்." "இல்ல, மிச்சம் வெக்கல." "காத்து வரலதான்."

ஆபீஸ் போனில் சொந்தப் பேச்சு கூடாது என்பதும் சுவரில் ஒட்டிய விதிதான். ஒருநாள் மாடியில் இதை வார்டனிடம் கேட்டேன்.

"லைன் சரியா இருக்கான்னு சோதிக்கறேன் ஐயா. பழைய லைன், தினமும் பாத்துக்கணும்" என்றார்.

மூன்று மாதம் முடிந்து கணவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். போன் உறையில் துளை போட்டு, ஸ்பானர் கட்டும் கயிறு கோத்து, அதை அவர் இடுப்புப் பட்டையில் வார்டனே முடிந்துவிட்டார். முடிச்சு அவிழ்க்க முடியாதபடி இருந்தது.

அவர் போன மறுநாள் மத்தியானம் ஸ்டோர் போன் வழக்கம் போல அடித்தது. நான் எடுத்தேன்.

"ஸ்டோர்."

எதிர்முனை ஒரு கணம் தயங்கியது.

"லைன் சோதனை ஐயா."

"லைன் நல்லா இருக்கும்மா."

"சரி. சாப்பிட்டாச்சா?"

ஆயிற்று என்றேன்.