கிராணியம்மாவின் நீலக் கரை

கொக்கி ஊசி பின்னலின் கடைசிக் கண்ணுக்குள் போய்த் திரும்புகிறவரை மகதலேனா அம்மாளிடமிருந்து பதில் வராது. வாசலில் மீன்காரன் கத்தட்டும், அடுப்பில் பால் பொங்கட்டும், ஊசியை மட்டும் உயர்த்திக் காட்டுவார். பொறு என்று அர்த்தம். வாய் எண்ணிக்கொண்டே இருக்கும், அதுவும் இங்கிலீஷில். மடத்துக் கன்னிமார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். கணக்கு முடிந்ததும் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க, என்ன?" என்பார். வந்தவனுக்கு அதற்குள் வந்த காரியம் மறந்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. புருஷன் லியனார்ட் சரக்கு ஆபீசில் கிராணி, பேனா பிடிக்கிற உத்தியோகம். ஆகவே இவர் கிராணியம்மா. குட்டை உருவம், பெரிய குரல். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலில் பின்னல் நூலையே சுற்றிக் கட்டியிருப்பார். நூல்கண்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். மூடியில் ஆணியடித்த ஓட்டை வழியாக நூல் மட்டும் வெளியே வரும். கண்டு தரையில் உருண்டு அழுக்குப்படக் கூடாது. அழுக்கு என்றால் அவருக்கு ஆகாது.

எல்லாம் ஒரு மேசையால் வந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது லியனார்ட் ஒரு தேக்கு மேசையை எடுத்துவிட்டார். இந்த ஊர் வெக்கையில் ஐஸ் போட்ட சர்பத்தை அதன்மேல் வைத்தால், கிளாஸ் வேர்த்து மேசையில் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அதைத் தடுக்கத்தான் உள்ளங்கை அகலத்தில் நூல் வட்டம் பின்ன ஆரம்பித்தார். அவர் அதை டாய்லி என்பார். எங்கள் வாயில் அது கிளாஸ் மெத்தை. கஞ்சி நிறையப் போட்டால் பார்க்க அழகாக நிற்கும், ஆனால் தண்ணீரை இழுக்காது. அதனால் அரைக் கஞ்சிதான். "வெறப்பா நின்னா யாருக்கு என்ன லாபம்? ஈரத்த உறிஞ்சணும்லா" என்பார், லியனார்டைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பாட்டுக்காரர்கள் அந்த வீட்டில்தான் கூடுவோம். லியனார்ட் ஆர்மோனியம், நான் தாளம், பாடுகிறவர் சின்னையா. சின்னையாவுக்கு ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. புகை தின்ற தொண்டையில் அந்தக் குரல் எப்படித் தங்கியது என்று தெரியவில்லை. லியனார்டுக்கும் அவருக்கும் அப்படி ஒரு சிநேகிதம். ஆனால் சாதி வேறு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஞானஸ்நானம் ஒன்று, பூசை ஒன்று, சின்னையாவுக்குக் குவளை மட்டும் வேறு. விளிம்பு நசுங்கிய தகரக் குவளை.

புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருநாள் பிரசங்கத்தில், தனிக் குவளை வைக்கிற வீட்டுக்குள் நான் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று போட்டு உடைத்துவிட்டார். மறுவாரமே கிராணியம்மா பாசார் சந்தையில் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிளாஸ்கள் வாங்கி வந்தார். எல்லாருக்கும் ஒரே கிளாஸ், எல்லாருக்கும் மெத்தை. சாமியார் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்.

மெத்தைகளில் ஒன்றே ஒன்றுக்கு ஓரத்தில் நீலக் கரை. அது எப்போதும் சின்னையா முன்னால்தான் வரும். குடித்து முடித்ததும் கிராணியம்மா கிளாஸ்களை மெத்தையோடு சேர்த்தே தட்டில் எடுத்துப் போவார். வெள்ளை மெத்தைக் கிளாஸ்கள் அடுப்படித் தொட்டியில் கழுவப்படும். நீலக் கரைக் கிளாஸ் பின்வாசல் குழாயடியில் சாம்பல் போட்டுத் தேய்க்கப்பட்டு, ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அடுப்படிக் கதவோரம் உட்காருகிறவனுக்கு இதெல்லாம் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியாமல் இல்லை. பாட்டு நடக்கும்.

கெட்ட மனுஷி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எஞ்சின் கதவு சுட்டுச் சின்னையாவின் கை வெந்துபோனபோது, தன் சேலையைக் கிழித்து மருந்து வைத்துக் கட்டியவர் இவர்தான். அந்தக் கையைத் தொட்டார், கொப்புளத்தைத் துடைத்தார். கிளாஸ் மட்டும் வேறு.

என் வீட்டுக்காரி ஒருநாள் நீலக் கரையைப் பற்றி லேசாக வாயெடுத்திருக்கிறாள். கிராணியம்மா பின்னுவதை நிறுத்தவில்லை. "எங்க மாமியா இருந்தா தேங்கா செரட்டையில ஊத்திக் குடுத்திருப்பாங்க. நான் கண்ணாடி கிளாஸ்ல குடுக்கிறேன். கீழ டாய்லியும் வைக்கிறேன். இன்னும் என்ன செய்யணுங்கிற?" என்றாராம். பிறகு எண்ணிக்கை தப்பி, பின்னிய வட்டம் முழுவதையும் பிரித்துப் போட்டாராம்.

இந்தப் பாஸ்கு ஞாயிறன்று, ஈஸ்டர் பூசை முடிந்து, சின்னையா தன் மனைவி சாந்தமேரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் அந்த வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கிராணியம்மா மேசையில் மெத்தைகளை வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கரை சின்னையா முன்னால் வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார்.

உள்ளே கிளாஸ் மெத்தைகள். எல்லாவற்றுக்கும் நீலக் கரை. பழகாத கை, பின்னல் கண்கள் இறுகி விழுந்திருந்தன. வட்டம் தட்டையாகப் படியாமல் ஓரம் தூக்கிச் சின்னக் கிண்ணம் மாதிரி நின்றது.

"அக்கா, இவரு வீட்ல வந்து சொல்லுவாரு. எல்லாருக்கும் வெள்ளை, எனக்கு மட்டும் கிராணியம்மா நீலக் கரை போட்டு வச்சிருக்காங்கன்னு. யாரு இவர இப்படி மதிச்சிருக்கா? அதான் ஒங்களுக்கும் மத்தவங்களுக்கும் சேர்த்து நானே பின்னிட்டு வந்தேன்."

சொல்லிக்கொண்டே வெள்ளை மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தார். சின்னையா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். லியனார்ட் ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்து மூடினார். கட்டையில் விரல் இல்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"சரியா வரலையாக்கா?" என்றார் சாந்தமேரி.

கிராணியம்மா ஒரு மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். பெரிய குரல் எங்கே போயிற்றோ. "கண்ணு கொஞ்சம் இறுக்கம். போகப் போகச் சரியாயிடும்."

சர்பத் குடித்தோம். கிளாஸ் நிற்காமல் ஆடியதால் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டே குடித்தோம். கிராணியம்மாவுக்கும் ஒரு மெத்தை வைத்து, பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார் சாந்தமேரி. குடித்து முடித்ததும் கிராணியம்மா நீட்டிய தட்டில் அவரவர் கிளாஸை மெத்தையோடு வைத்தோம், சின்னையா மனைவியுடையதையும் வாங்கி வைத்தார். கிராணியம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக் கதவுவரைக்கும் போனார். அங்கே நின்றுவிட்டார்.

ஒரே மாதிரிக் கிளாஸ்கள். ஒரே நீலம். எதைத் தொட்டிக்குக் கொண்டுபோவது, எதைக் குழாயடிக்குக் கொண்டுபோவது? தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்து லேசாகச் சத்தம் போட்டன.

சாந்தமேரி, என்னோடு வந்திருந்த என் வீட்டுக்காரியிடம் பின்னல் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னையா எழுந்தார். பின்வாசலுக்குப் போகிறவர் போல என்னைக் கடந்து போய், கிராணியம்மா பக்கத்தில் குனிந்தார்.

"ஓரத்துல சேத்து வச்சிருக்கேன் பாருங்க, அந்த ரெண்டும்தான் எங்களோடது. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்க்கா."

கிராணியம்மாவுக்கு இரண்டு கையிலும் தட்டு. முகத்தை மறைக்கக் கை இல்லை. கழுத்தைத் திருப்பி, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார்.